எச்சில் வேறு, மிச்சம் வேறு

கல்லூரி விடுதி மெஸ்ஸில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம் நிற்கும். சாப்பிட்டு எழுந்தவர்கள் தட்டை அதன் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குழாயடிக்குப் போவார்கள். மூன்று மணி வாக்கில் பன்றிப் பண்ணைக்காரர் மூன்று சக்கர வண்டியோடு வந்து டிரம்மைக் காலி செய்துகொண்டு போவார். மறுநாள் மத்தியானத்துக்குள் அது மறுபடி நிரம்பிவிடும். நடுவில் அதற்குள் எட்டிப் பார்ப்பவர் யாரும் கிடையாது. நாற்றத்துக்குப் பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவதுதான் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நாலைந்து பேரோடு அப்படியொரு டிரம்மை எடை போடப் போயிருந்தேன். பழைய பேப்பர் கடையில் இரவல் வாங்கிய கொக்கித் தராசு கையில் இருந்தது. மெஸ் மாஸ்டர் கரண்டியும் கையுமாக வெளியே வந்து பார்த்தார்.

“குப்பைய நிறுத்து என்ன தம்பி பண்ணப்போறீங்க?”

“எவ்வளவு வீணாகுதுன்னு ஒரு கணக்குக்குண்ணே.”

“அதை என்கிட்ட கேட்டா நானே சொல்லிட்டுப் போறேன். பெருசா ஒண்ணும் வீணாகாது. ஒரு வாளி இருக்கும்.”

இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தும் டிரம்மைக் கொக்கி உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. கடைசியில் வாளி வாளியாக மொண்டுதான் நிறுத்தோம். எத்தனை வாளி என்று எண்ணிக்கொண்டே நின்ற மாஸ்டர், ஆறாவது வாளிக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. தான் எவ்வளவு வீணாக்குகிறோம் என்பது மனிதனுக்குத் தெரிவதில்லை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே, அதுவும் கல்லூரி மாணவர்களின் கையுறை போட்ட கைகளால், நிரூபிக்கப்பட்ட விஷயம் இது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்றொரு பாலைவன நகரம். அங்குள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜி என்ற தொல்லியல் பேராசிரியர் இருந்தார். மாயா நாகரிகத்தின் இடிபாடுகளை ஆராய்ந்தவர். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள் எறிந்த ஓட்டாஞ்சில்லைப் பார்த்து அவர்கள் வாழ்ந்த விதத்தைச் சொல்ல முடியுமானால், நேற்று எறிந்த குப்பையைப் பார்த்து நம் வாழ்க்கையை ஏன் சொல்ல முடியாது என்று அவருக்குத் தோன்றியது. 1973-இல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு குப்பைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். நகரத் துப்புரவுத் துறை சில பகுதிகளின் வீட்டுக் குப்பையைப் பையோடு கொண்டுவந்து கொடுக்கும். மாணவர்கள் மேலங்கி, முகக்கவசம், கையுறையோடு மேசையில் கொட்டி, பாதி கடித்த ரொட்டி முதல் காலி பீர் டின் வரை ஒவ்வொன்றையும் வகை பிரித்து, எடை போட்டு, எழுதி வைத்தார்கள்.

வேடிக்கை அங்கேதான் ஆரம்பித்தது. அதே பகுதி மக்களிடம் போய், ‘என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள், எவ்வளவு வீணாகிறது’ என்று கேட்டால் வருகிற பதில் ஒன்று. குப்பைப் பை சொல்கிற பதில் இன்னொன்று. பீர் குடிப்பதைக் குறைத்துச் சொன்னார்கள். காய்கறி, பழம் சாப்பிடுவதைக் கூட்டிச் சொன்னார்கள். உணவை வீணாக்குவதில்லை என்று கிட்டத்தட்ட எல்லோருமே நம்பினார்கள். குப்பையோ, வாங்கிய உணவில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு உள்ளே கிடப்பதைக் காட்டியது.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் மாட்டிறைச்சி. 1973-இன் முற்பகுதியில் அமெரிக்காவில் மாட்டிறைச்சிக்குத் தட்டுப்பாடு. விலை தாறுமாறாக ஏறியது. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு துண்டுகூட வீணாகாது என்றுதானே நாம் நினைப்போம்? குப்பையில் கிடந்ததோ வழக்கத்தைப் போல மூன்று மடங்கு! ராத்ஜி சொன்ன விளக்கம் எளிமையானது. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில் மக்கள் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்தார்கள். பழக்கமில்லாத துண்டுகளை வாங்கினார்கள். எப்படிச் சேமிப்பது, எப்படிச் சமைப்பது என்று தெரியவில்லை. கெட்டுப்போனது, எறிந்தார்கள்.

இதிலிருந்து அவர் ஒரு விதியை வகுத்தார். தினமும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான பொருள்களை வைத்துச் சமைக்கும் வீட்டில் வீணாவது குறைவு. எப்போதாவது ஒருநாள் ஆசைக்கு வாங்குவதுதான் அதிகம் குப்பைக்குப் போகிறது. தினசரி ரொட்டி தீர்ந்துவிடும். விருந்துக்கென்று வாங்கிய விசேஷ ரொட்டி பூசணம் பிடிக்கும்.

நம் சமையலறைக்கு இந்த விதியை நீங்களே பொருத்திப் பாருங்கள். புளியும் துவரம்பருப்பும் என்றைக்காவது வீணாகிப் பார்த்திருக்கிறோமா? இன்றைக்குச் சாம்பார், நாளைக்கு ரசம், மறுநாள் வத்தக்குழம்பு என்று அதே நான்கைந்து சாமான் வேஷம் மாற்றிக்கொண்டே வரும். ஆனால் யூடியூப் பார்த்து ஒருநாள் வாங்கிய மயோனைஸ் பாட்டிலும், பாதி நறுக்கிய புரோக்கோலியும் ஃபிரிட்ஜின் பின்வரிசையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ‘எப்பப் பார்த்தாலும் இதே சாம்பார்தானா’ என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்குப் பதில் சொல்ல அம்மாக்களுக்கு இப்போது தொல்லியல் ஆதாரமே இருக்கிறது.

விடுதிக்கு மட்டும் இந்த விதி நேராகப் பொருந்தாது. அங்கே திங்கட்கிழமை உப்புமா என்பது ஆண்டு முழுக்க மாறாத பழக்கம். அதிகம் வீணாவதும் பெரும்பாலும் அதுவே. காரணம் வேறு. வீட்டில் வாங்குகிறவர், சமைக்கிறவர், சாப்பிடுகிறவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் பேசிக்கொள்கிறார்கள். விடுதியில் சமைக்கிறவருக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. சாப்பிடுகிறவருக்கு என்ன வரும் என்று தெரியும், அதனால்தான் வருவதில்லை! சனிக்கிழமை பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். புதுப்படம் வெளியான வெள்ளிக்கிழமை இரவு மெஸ் வெறிச்சென்று கிடக்கும். இருந்தும் அரிசி பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்குத்தான் உலையில் விழும். குறைந்துபோனால் திட்டு விழும், மிஞ்சினால் டிரம் இருக்கிறது. சமையல்காரர் இடத்தில் நான் இருந்தாலும் கூடத்தான் வடிப்பேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 பேர் சாப்பிடும் விடுதி என்று வைத்துக்கொள்வோம். மத்தியானச் சாப்பாட்டில் ஒவ்வொருவரும் 50 கிராம் சோறு, அதாவது ஒரே ஒரு கைப்பிடி, மீதி வைக்கிறார்கள். மொத்தம் 25 கிலோ சோறு. ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். ஆகவே அந்தக் கைப்பிடிகளுக்குள் இருந்தது 8 முதல் 10 கிலோ அரிசி. மதிய உணவுத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒதுக்கப்படும் தானியம் 100 கிராம். 80 முதல் 100 குழந்தைகளின் ஒருவேளைச் சோறு அந்த டிரம்மில் போனது. ஒரு மத்தியானத்தில்.

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமுமாகச் சேர்த்துச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குப் போகிறது. 8 கிலோ அரிசிக்குச் சுமார் 12 கிலோ நெல் வேண்டும். 30,000 லிட்டர். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற அளவில் சொன்னால் மூன்று தண்ணி லாரி. ஒரு கைப்பிடிச் சோற்றை ஒதுக்கும்போது லாரி வந்து நிற்பது யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான் சங்கடம்.

டிரம் பன்றிப் பண்ணைக்குப் போகும்வரை பரவாயில்லை. அதுவும் ஒருவகையில் உணவாகிறது. அந்தக் காலத்தில் வீட்டுக் கொல்லையில் இருந்த கழுநீர்த் தொட்டியும் இதைத்தான் செய்தது. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, மிஞ்சிய சோறு எல்லாம் அதில் போகும். மாடு குடித்துவிட்டுப் பாலாகத் திருப்பித் தரும். இன்றைக்கு மாடும் இல்லை, கொல்லையும் இல்லை. சென்னை நகரத்துச் சோறு பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளுக்குப் போகிறது. ஈரமும் வெப்பமும் உள்ள குப்பைமேட்டில், காற்றுப் புகாத ஆழத்தில், மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவாக்குகின்றன. இதே குடும்பத்து நுண்ணுயிர்கள்தான் தண்ணீர் தேங்கிய நெல்வயலின் சேற்றிலும் மீத்தேனை உண்டாக்குகின்றன. ஆக, வீணாகும் சோறு இரண்டு முறை வானத்தைச் சுடுகிறது: தஞ்சாவூர்ச் சேற்றில் முளைத்தபோது ஒருமுறை, பெருங்குடி மேட்டில் புதைந்தபோது மறுமுறை. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கும் மேல் சூடேற்றும். உலகத்தின் பசுங்குடில் வாயுக்களில் 8 முதல் 10 விழுக்காடு, வழியிலும் தட்டிலும் வீணாகும் உணவோடு தொடர்புடையது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிடுகிறது. அதன் 2024 அறிக்கையின்படி 2022-இல் மட்டும் கடைகள், உணவகங்கள், வீடுகள் மூன்றிலும் சேர்த்து வீணானது 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில். அதே உலகத்தில் 78 கோடிக்கும் மேற்பட்டோர் பசியோடு இருந்தார்கள்.

சரி, தட்டில் விழுவதை எப்படிக் குறைப்பது?

2007, 2008 வாக்கில் அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு சின்ன மாற்றம் பரவியது. உணவுக்கூடத்தில் இருந்த பெரிய பிளாஸ்டிக் டிரேக்களை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். டிரே இருந்தால் மாணவன் நான்கு கிண்ணம், இரண்டு டம்ளர், ஒரு கேக் என்று ஒரே நடையில் அள்ளிக்கொண்டு வருவான். கண் பசி வயிற்றுப் பசியைவிடப் பெரியது. டிரே இல்லாவிட்டால் இரண்டு கையில் அடங்குவது மட்டும்தான் வரும். இன்னும் வேண்டுமென்றால் எழுந்து போகவேண்டும். எழுந்து போக நம்மில் பலருக்குச் சோம்பல். கல்லூரி உணவகங்களை நடத்தும் அராமார்க் நிறுவனம் 25 கல்லூரிகளில் எடுத்த கணக்கில் தலைக்கு 25 முதல் 30 விழுக்காடு வரை தட்டுக் கழிவு குறைந்தது. நிறுவனம் தன் செலவைக் குறைக்கத்தான் இதில் இறங்கியது என்பதையும் நாம் மறக்கவேண்டியதில்லை. ஆனால் தராசுக்கு உள்நோக்கம் கிடையாது.

இந்தத் துறையில் எல்லாக் கதையும் இப்படிச் சுபமாக முடிவதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க், தட்டின் அளவு, கிண்ணத்தின் வடிவம், பழத்தை வைக்கும் இடம் ஆகியவற்றை மாற்றினால் சாப்பிடும் அளவு மாறும் என்று கவர்ச்சியான ஆய்வுகளை வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றார். அமெரிக்கப் பள்ளி உணவுக்கூடங்கள் அவர் யோசனைகளைப் பின்பற்றின. பிறகு மற்ற ஆய்வாளர்கள் அவர் கட்டுரைகளின் எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. 2018 செப்டம்பரில் மருத்துவ இதழ்க் குழுமம் ஒன்று அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றது. பல்கலைக்கழகம் ஆய்வு நெறி மீறல் என்று முடிவு செய்தது; அவர் பதவி விலகினார். ஆகவே ‘சின்னத் தட்டு வைத்தால் போதும்’ என்று யாராவது மேடையில் சொன்னால், உங்கள் மெஸ்ஸில் ஒரு வாரம் பெரிய தட்டு, ஒரு வாரம் சின்னத் தட்டு வைத்து டிரம்மை நிறுத்துப் பாருங்கள். பிறகு கைதட்டலாம்.

நம் ஊரில் தட்டைவிடப் பெரிய பிரச்சினை கரண்டி. பந்தியில் நாம் ‘போதும்’ என்று சொல்வது சோறு இலையில் விழுந்த பிறகுதான். பரிமாறுகிறவர் கை அதற்கு முன்பே சாய்ந்துவிடும். தாராளமாகப் போடுவதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம். சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்டால் வீணானது கண்ணிலிருந்தே மறைந்துவிடும். அழகான வழக்கம்தான், ஆனால் அளவெடுக்க நினைப்பவனுக்கு எதிரி.

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். உணவுக் கழிவு என்று ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவதை நம் பாட்டிகள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கை வைத்துத் தட்டில் விட்டது எச்சில். அண்டாவில் கைபடாமல் நிற்பது மிச்சம். எச்சிலை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, மிச்சத்தைக் கொடுக்கலாம். இதை ஆசாரம் என்று சிலர் ஒதுக்கலாம். ஆனால் நுண்ணுயிரியலும் இதே கோட்டில்தான் நிற்கிறது. ஒருவர் வாயும் கையும் பட்ட உணவில் அவருடைய கிருமிகளும் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே எச்சிலை முன்னாலேயே தடுக்கத்தான் முடியும், அதற்குத் தராசு வேண்டும். மிச்சத்தைக் காப்பாற்றலாம். அதற்குக் கடிகாரம் வேண்டும்.

கடிகாரத்தை விரட்டுகிற வில்லனின் பெயர் பேசில்லஸ் சீரியஸ். பெயரைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம், லத்தீனில் மெழுகு போன்றது என்று பொருள். ஆனாலும் கொஞ்சம் சீரியஸான ஆள்தான். மண்ணில் வாழும் பாக்டீரியா இது. நெல்லோடு ஒட்டிக்கொண்டு அரிசி வரைக்கும் வந்துவிடும். உலை கொதிக்கும்போது மற்ற கிருமிகளில் பெரும்பாலானவை செத்துப்போகும். இதுவோ தடித்த ஓட்டுக்குள் சுருண்டு, ஸ்போர் என்ற உறக்க நிலையில் கொதிநீரையும் தாங்கிக் கிடக்கும். சோறு ஆறத் தொடங்கியதும் விழிக்கும். எதிரிகள் பெரும்பாலும் ஏற்கெனவே செத்தாயிற்று. முன்னால் மலை மாதிரி மாவுச்சத்து. இதைவிட நல்ல காலம் அதற்கு வாய்க்காது.

வசதியான வெதுவெதுப்பில் அது ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். விழித்துக்கொள்ள எடுக்கும் நேரத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டு, நான்கு மணி நேரத்தில் 4,096. ஒரு கிராம் சோற்றில் நூறு கிருமி இருந்தால் நான்கு மணி நேரத்தில் நான்கு லட்சம். ஆளைப் படுக்கவைக்க அதுவே போதுமானதாகலாம். இவற்றில் ஒரு வகை, சோற்றிலேயே ஒரு நச்சைச் சுரந்து வைக்கும். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. அந்த நச்சு, கிருமியைவிடக் கெட்டி. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. ‘நல்லா சூடு பண்ணிட்டா போச்சு’ என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. மூக்கையும் நம்ப முடியாது, அந்த நச்சுக்கு வாசனையே இல்லை. சோறு புளித்து நாறினால் அது வேறு பாக்டீரியாக்களின் வேலை.

தப்பிக்க இரண்டு வழிதான். 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்கவேண்டும். அல்லது விறுவிறுவென்று 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகவேண்டும். நடுவில் இருக்கும் வெதுவெதுப்புதான் ஆபத்து. நம் கல்யாண மண்டபத்து அண்டா இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது சரியாக அந்த நடுப்பகுதியில்.

அண்டா ஏன் அவ்வளவு மெதுவாக ஆறுகிறது? சூடு வெளியேற மேற்பரப்புக்கு வரவேண்டும். சோற்றுக்குள் அது பருக்கை பருக்கையாகக் கடத்தப்பட்டுத்தான் வரும். இப்படி நகரும் வெப்பத்துக்கு ஒரு கறாரான விதி உண்டு: தடிமன் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் நான்கு மடங்காகும். 5 சென்டிமீட்டர் தடிமனில் தட்டில் பரப்பிய சோற்றைவிட 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அண்டாவில் நிற்கும் சோறு எட்டு மடங்கு தடிமன். ஆற ஏறக்குறைய 64 மடங்கு நேரம். மேலே தொட்டால் சில்லென்று இருக்கும். நடுவில் கையை விட்டால் வெந்நீர் ஊற்று. கிருமிக்குக் கதகதப்பான படுக்கை.

ஊர்ச் சமையல்காரர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியாவிட்டாலும் முடிவு தெரியும். புளியோதரைக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி விசிறியால் விசிறி ஆறவைப்பது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? பருக்கை ஒட்டக்கூடாது என்பார்கள். அதோடு கிருமிக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. பின்னால் சேரும் புளியின் அமிலமும் எண்ணெயும் தங்கள் பங்குக்குக் காவல் காக்கின்றன. கட்டுச்சோற்றுக்குப் புளியோதரையைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, பரிசோதனைச்சாலை இல்லாத விஞ்ஞானி. தேங்காய்ச் சட்னியை எந்த மூட்டையிலும் கட்டிக்கொடுக்க மாட்டார்கள். பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றுவதும் இன்னொரு தந்திரம். லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு அது இடம் கொடுக்கிறது; அவை சோற்றைப் புளிக்கவைத்து மற்றவற்றை விரட்டுகின்றன.

இனி மாணவர்களிடம் வருவோம். 2011-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சில மாணவர்கள், இரவு உணவுக்கூடம் மூடும் நேரத்தில் கைபடாத உணவு குப்பைக்குப் போவதைப் பார்த்தார்கள். பாத்திரம், கையுறை, ஒரு கார் என்று ஏற்பாடு செய்துகொண்டு அதை வாஷிங்டன் பகுதியில் உள்ள காப்பகங்களுக்குக் கொண்டுபோனார்கள். முதல் கல்வியாண்டு முடிவதற்குள் கொண்டு சேர்த்தது சுமார் 30,000 வேளைச் சாப்பாடு. ஃபுட் ரெக்கவரி நெட்வொர்க் என்ற பெயரில் அது பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பரவியது. அவர்களுக்கு முதுகெலும்பாக இருந்தது ஒரு சட்டம். நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவர் மீது, பெரும் அலட்சியம் இல்லாதவரை வழக்குப் போட முடியாது என்று சொல்லும் பில் எமர்சன் சட்டம், 1996 அக்டோபரில் வந்தது. ‘கொடுத்துவிட்டு வம்பில் மாட்டிக்கொள்வானேன்’ என்று கைகட்டி நின்ற மேலாளர்களுக்கு அது பதில். இந்தியாவிலும் மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2014-இல், கோயம்புத்தூரில் நோ ஃபுட் வேஸ்ட் என்ற அமைப்பை இளைஞர்கள் சிலர் தொடங்கிவிட்டார்கள். மண்டபத்தில் மிஞ்சினால் போன் வரும். தன்னார்வலர்கள் வண்டியோடு போவார்கள். இந்த ஓட்டத்துக்கு மாணவர்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? இரவு பதினொரு மணிக்குப் பசியும் தூக்கமும் தெரியாத கால்கள் அவர்களிடம்தானே இருக்கின்றன.

ஆனால் எனக்குப் பிடித்த கதை மேரிலாந்து இல்லை, கலிபோர்னியா. 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் வேறொரு மிச்சத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே விடுதிச் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டி அட்டை வாங்குவார்கள். ஒரு வேளைக்கு ஒரு தேய்ப்பு. பருவ முடிவில் பலருடைய அட்டையில் தேய்க்காத வேளைகள் மிஞ்சி வீணாகும். அதை ஏன் பசித்தவர்களுக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது? சமைப்பதற்கு முன்பே, பணமாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள். கிருமியும் இல்லை, கடிகாரமும் இல்லை. ஸ்வைப் அவுட் ஹங்கர் என்ற பெயரில் அந்த யோசனை பல கல்லூரிகளுக்குப் போனது. அப்போது தெரியவந்தது, பசித்தவர்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை என்பது. பக்கத்து பெஞ்சிலேயே இருந்தார்கள். அமெரிக்க இளநிலைக் கல்லூரி மாணவர்களில் சுமார் 23 விழுக்காட்டினர் போதிய உணவுக்கு உத்தரவாதமின்றி இருப்பதாக 2020-இன் அரசுப் புள்ளிவிவரம் காட்டியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே மாணவர்களுக்காக 1993-லேயே உணவு வங்கி தொடங்கவேண்டியிருந்தது.

இதை எழுதும்போது என்னுடன் படித்த ஒருவன் ஞாபகம் வருகிறது. மத்தியானம் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் ‘எனக்குப் பசிக்கலடா’ என்று நூலகத்துக்குப் போய்விடுவான். படிப்பாளி என்று கேலி செய்வோம். மூன்று வருஷம் கேலி செய்தோம்.

பசியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், மிஞ்சிய பிரியாணியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நல்லவர்கள் கோபித்துக்கொண்டாலும். மிச்சம் முகூர்த்த நாளில் வரும். பசி தினமும் வரும். ஆடி மாதத்தில் மண்டபங்கள் காலி, வயிறும் காலி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காடு வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். பெண்களில் 57 விழுக்காடு ரத்தசோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் உயரக்குறை 25 விழுக்காடுதான் என்று ஆறுதல் கொண்டாலும், ரத்தசோகை இங்கேயும் பாதிப் பெண்களைத் தாண்டுகிறது. இந்தப் பசிக்குத் தேவை இரும்புச்சத்து, புரதம், தினசரி முட்டை, காலை உணவு. வெள்ளைச் சோறு எவ்வளவு மிஞ்சினாலும் அதை ஈடுகட்டாது. உணவு இல்லாததால் மட்டுமே பஞ்சம் வருவதில்லை, வாங்கும் வழி அற்றுப்போவதாலும் வருகிறது என்பதை அமர்த்தியா சென் 1943 வங்கப் பஞ்சத்தை வைத்து 1981-லேயே விளக்கிவிட்டார். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் செய்கிற வேலையை எந்த மாணவர் வண்டியும் செய்துவிட முடியாது. மிச்சத்தைக் காப்பாற்றுவது நல்ல வேலை. சின்ன வேலை. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அந்த விடுதிக்குத் திரும்புகிறேன். எடை போடத் தொடங்கிய மாணவர்கள் தினமும் டிரம்மின் கனத்தை நுழைவாயில் கரும்பலகையில் எழுதினார்கள். யாரையும் திட்டவில்லை, எண் மட்டும். பிறகு ஆர்வம் கூடி, இரவு மிஞ்சும் சோற்றைப் பக்கத்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். அதற்காக ஊசி மாதிரி முனையுள்ள ஒரு தெர்மாமீட்டரும் வாங்கினார்கள்.

முதல் நாள் இரவு பத்தரை மணி. அண்டாவில் கணிசமாகச் சோறு. ஆட்டோ வாசலில் நிற்கிறது. ஒரு பெண் ஊசியை நடுவில் செருகினாள். 44 டிகிரி. சோறு வடித்தது எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஆறு மணிக்கு முன்னாலேயே என்றார் மாஸ்டர். அவள் மற்றவர்களைப் பார்த்தாள். யாரும் பேசவில்லை.

“ஏம்மா, நல்லாத்தானே இருக்கு? மோந்து பாரு. நானே இதைத்தான் சாப்பிடப்போறேன்.”

“நீங்களும் சாப்பிடவேண்டாம்ண்ணே. அங்க இருக்கறவங்க எழுபது, எண்பது வயசுக்காரங்க.”

அண்டாவைச் சாய்த்து நீல டிரம்மில் கொட்டினார்கள். கொட்டும்போது ஒரு பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆட்டோக்காரருக்குச் சும்மா வந்து நின்றதற்குக் காசு கொடுத்து அனுப்பினார்கள். மாஸ்டர் காலி அண்டாவுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் கரும்பலகைப் பக்கம் போய், கீழே கிடந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு கேட்டார்:

“நாளைக்கு ராத்திரி எத்தனை பேருப்பா சாப்பிடுவீங்க?”